உங்க அம்மா அனுப்பிய மூன்று கூப்பன்கள்

முந்தாநாள் காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, சார்ஜில் போட்டிருந்த என் செல்போனுக்கு அடியில் அந்த நீலக் காகிதம் இருந்தது. உள்ளங்கை அகலம்தான். மடித்த இடத்தில் கிழிய ஆரம்பித்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருக்கும். ஒட்டியது நான்தான். முன்பக்கம் பெரிய எழுத்தில் நமக்குப் புரியாத ஒரு மொழி. பிரெஞ்சு என்று பிற்பாடு ஒருவர் சொன்னார். ஓரத்தில் வட்டமாக ஒரு தபால் முத்திரை. மை பழுப்பாகிவிட்டது. ஆனாலும் சேலம் என்கிற இங்கிலீஷ் எழுத்தை இன்றைக்கும் படிக்கலாம். அடுப்படியில் உங்க அம்மா தோசைக்கல்லுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் காகிதம் பீரோவை விட்டு வெளியே வந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

உங்களுக்குத் தெரியாது. ஆனால் பார்த்திருப்பீர்கள். தம்பி, நீ பத்தாவது முடித்த வருசம், மேலே படிக்கமாட்டேன், டீசல் மெக்கானிக் வேலைதான் பழகுவேன் என்று நின்றாயே, அந்த வாரம் என் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் இது இருந்தது. நீதான் எடுத்து, "அப்பா, என்னமோ பில்லு கெடக்குது" என்று என் கையில் கொடுத்தாய். பாப்பா, நீ ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்று கேட்ட சமயம் என் சட்டைப் பையில் இருந்தது. நான் பத்தாவது வரைக்கும் போனவன். லாரி டிரிப் சீட்டு எழுதுவேன், போர் போடுகிற ரிக் வண்டியில் எத்தனை அடி ஓடியது என்று எழுதுவேன். இத்தனை பக்கம் சேர்ந்தாற்போல் எழுதுவது இதுதான் முதல் தடவை. இந்தக் காகிதத்தின் கதையை உங்களுக்குச் சொல்லாமல் விட்டால், நான் சொல்லவேண்டிய இன்னொன்றையும் சொல்லாமலே விட்டுவிடுவேன் என்று பயந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதற்குப் பேர் பதில் கூப்பன். வெளிநாட்டில் இருக்கிற ஒருவருக்கு நாம் கடிதம் போடுகிறோம் என்று வையுங்கள். அவர் பதில் போடுவதற்கு ஸ்டாம்ப் வேண்டும். நம் ஊர் ஸ்டாம்பை உள்ளே வைத்து அனுப்பினால் அங்கே செல்லாது. அந்த ஊர் ஸ்டாம்பு நமக்கு இங்கே கிடைக்காது. அதனால் உலகத்துத் தபால் ஆபீஸ்கள் எல்லாம் சேர்ந்து ஒரு ஏற்பாடு பண்ணி வைத்திருந்தன. நம் ஊர்ப் பெரிய தபால் ஆபீசில் காசு கொடுத்து இந்தக் கூப்பனை வாங்கிக் கடிதத்தோடு வைத்துவிட வேண்டியது. அங்கே இருப்பவர் அவர் ஊர்த் தபால் ஆபீசில் இதை நீட்டினால், ஏரோப்ளேனில் ஒரு கடிதம் திரும்பி வருவதற்கான ஸ்டாம்பைக் கொடுத்துவிடுவார்கள். பதில் எழுதுகிறவருக்கு ஒரு செலவும் இல்லை. கேட்டவரே பதிலுக்கும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்.

எனக்கு இதெல்லாம் தெரிய நாலு மாசம் ஆனது. அந்த நாலு மாசத்தில்தான் உங்க அம்மா எனக்கு இல்லாமல் போக இருந்தாள்.

அப்போது உங்க அம்மா நாமக்கல்லில் கோழிகளுக்கு நோய் பார்க்கிற ஒரு தனியார் லேப்பில் வேலை பார்த்தாள். பண்ணைகளில் கோழி சாக ஆரம்பித்தால், செத்ததில் நாலைந்தைச் சாக்கில் போட்டு வண்டியில் கொண்டுவருவார்கள். மருத்துவர் அறுத்துப் பார்ப்பார். ரத்தம், ஈரல் எல்லாம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்புக்குத் தயார் பண்ணுவது உங்க அம்மா வேலை. அதற்கென்று படித்திருந்தாள். எங்களுக்கு உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் முடிந்த அன்றைக்கு, சாப்பாட்டுப் பந்தியிலேயே எங்க அம்மா, உங்க அப்பத்தா, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "செத்த கோழியக் கீறிப் பாக்கற கையில என்ற பையன் சோறு வாங்கித் திங்கோணுமா? கல்யாணத்தோட அந்தச் சோலியெல்லாம் நிப்பாட்டிப் போடோணும், சொல்லிப்புட்டேன்." பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். நான் ரசத்தைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எதிர் வரிசையில் உங்க அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் எங்க அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

அடுத்த வாரம் நான் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிட்டேன். திருச்செங்கோட்டுப் பக்கத்து முதலாளி ஒருவர் தான்சானியாவுக்கு ரிக் வண்டி அனுப்பினார். ஆழ்குழாய்க் கிணறு போடுகிற வேலை. ஒன்றரை வருசம் ஒப்பந்தம். வந்துதான் கல்யாணம் என்று பேச்சு. சம்பளத்தை மாசாமாசம் ஊரில் வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். அங்கே சோறு, சோப்பு, எண்ணெய், பீடி எல்லாம் வண்டிக் கணக்கு. கையில் அந்த ஊர்க் காசு என்று ஒன்றும் இருக்காது. காட்டுக்குள் கேம்ப். பெரிய ஊருக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மேனேஜர் அண்ணன் மட்டும் போய் டீசலும் கடிதமும் கொண்டுவருவார். மேனேஜர் அண்ணன் என்று நாங்கள் கூப்பிட்டது, லாரி ஓட்டிப் பல வருசம் வடக்கே சுற்றிவிட்டு ரிக் தொழிலுக்கு வந்த ஒருவரை. எங்கள் எட்டுப் பேருக்கும் அவர்தான் அப்பன், அம்மா, போலீஸ் எல்லாம்.

உங்க அம்மாவின் முதல் கடிதம் இரண்டு மாசம் கழித்து வந்தது. கவரைப் பிரித்ததும் நாலாக மடித்த ஒரு வெள்ளைக் காகிதம், மேலே அட்ரஸ் எழுதிய ஒரு காலிக் கவர், இந்த நீலக் காகிதம், அப்புறம் கடிதம். கடிதம் ஒரு பக்கம்தான். "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன். எனக்கு இந்த வேலை பிடிக்கும், நல்லாவும் வரும். உங்க வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். அதை நான் கேட்டுக்கொண்டேன். உங்களுக்குச் சம்மதமா இல்லையா என்று நீங்கள் சொல்லவில்லை. சம்மதம் என்றாலும் இல்லை என்றாலும் ஒரு வரி எழுதினால் போதும். பதிலுக்கு வேண்டியதை எல்லாம் உள்ளேயே வைத்திருக்கிறேன்." வேண்டியது என்றால் வெள்ளைக் காகிதமும் கவரும் என்று நான் நினைத்துக்கொண்டேன். கவரில் அவள் எழுதியிருந்தது வீட்டு அட்ரஸ் இல்லை, லேப் அட்ரஸ். வேறு யாரும் முதலில் பிரித்துவிடக் கூடாது என்று.

நீலக் காகிதத்தின் முன்பக்கத்தை உற்று உற்றுப் பார்த்தேன். பளிச்சென்று ஒரு முத்திரை. என்னமோ சர்க்கார் காகிதம் மாதிரித் தெரிந்தது. மேனேஜர் அண்ணனிடம் காட்டினேன். லாரித் தொழிலில் வந்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முத்திரை குத்திய காகிதம் எதுவாக இருந்தாலும், புரிந்தாலும் புரியாவிட்டாலும், வண்டி ஃபைலுக்குள் போய்விட வேண்டும். ஒரே ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் வடக்கே ஏதோ ஒரு செக்போஸ்ட்டில் தக்காளி லோடோடு நாலு நாள் நின்று, ரோடெல்லாம் தக்காளிச் சாறு ஓடியதைப் பார்த்தவர் அவர். "இது எப்படி உன்ற கவருக்குள்ள வந்துச்சு? கம்பெனி ஆபீசுல மாத்தி வெச்சுட்டானுங்களா? சரி குடு, ஃபைலுக்குள்ள கெடக்கட்டும்" என்று வாங்கி, பர்மிட்டுக்கும் இன்சூரன்சுக்கும் நடுவில் சொருகிவிட்டார். அடுத்த மாசக் கடிதத்திலும் இன்னொன்று வந்தது. அதையும் கொடுத்தேன். "மாசாமாசம் வருதுன்னா டாக்ஸ் பேப்பர்தான்டா சாமி, சந்தேகமே இல்ல" என்றார். நடுவில் இரண்டு செக்போஸ்ட்டில் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விட்டார்கள். மேனேஜர் அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, இந்த நீலப் பேப்பர் வந்ததுல இருந்து ஒரு பய கை நீட்டி நிறுத்தறதில்ல" என்று சொல்லி, அதை ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே எடுத்து வைத்துவிட்டார்.

இங்கே உங்க அம்மா பட்ட பாடு எனக்கு அப்போது தெரியாது. பிற்பாடு அவள் சொல்லிச் சொல்லி, நானே கூட இருந்து பார்த்த மாதிரி ஆகிவிட்டது. லேப் மருத்துவர் வெளிநாட்டுப் பெரிய மருத்துவர்களுக்குக் கோழி நோய் பற்றிச் சந்தேகம் கேட்டு எழுதும்போது இந்தக் கூப்பன் வைத்துத்தான் அனுப்புவார். வாங்கிவர இவளைத்தான் அனுப்புவார். நாமக்கல்லில் கேட்டால் கிடைக்காது. சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, பஸ்ஸேறி, ராசிபுரம் தாண்டி, சேலம் பெரிய தபால் ஆபீசுக்குப் போகவேண்டும். அங்கேயும் கவுண்டரில் வைத்திருக்க மாட்டார்கள். கவுண்டர்க்காரர் எழுந்து உள்ளே போய், பெட்டியைத் திறக்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு வரவேண்டும்.

முதல் தடவை தனக்கென்று வாங்கப் போனபோது அவர் கேட்டாராம். "எந்த நாட்டு டாக்டருக்கும்மா இந்தத் தடவ?"

"இது டாக்டருக்கு இல்லீங்க. ஆப்பிரிக்காவுக்குங்க."

"அங்க யாரு?"

"கட்டிக்கப் போறவருங்க."

"அவருக்கு எதுக்கும்மா கூப்பன்? அவரே ஸ்டாம்ப் வாங்கிப் போடமாட்டாரா?"

"கையில காசு குடுக்கமாட்டாங்களாம் சார். அதச் சாக்கு வெச்சுப் பேசாம இருந்துக்கக் கூடாதில்லீங்க."

அவர் சிரித்துவிட்டு உள்ளே போனாராம். முத்திரை குத்தும்போது இவள் விடவில்லை. "சார், மை நல்லாப் புடிக்கற மாதிரிக் குத்துங்க. அங்க போயி எழுத்துத் தெரியல, செல்லாதுன்னு சொல்லிடப் போறாங்க." அவரும் மைப்பெட்டியில் இரண்டு தடவை அழுத்திப் பளிச்சென்று குத்திக் கொடுத்திருக்கிறார். அந்தப் பளிச்சென்ற முத்திரைதான் எங்கள் மேனேஜர் அண்ணனின் கண்ணைப் பறித்தது. அவள் அத்தனை கவனமாக இல்லாமல் இருந்திருந்தால், அதை அவர் கசக்கித் தூக்கிப் போட்டிருப்பார். நாலு மாசம் பத்திரமாக இருந்ததும் அந்த முத்திரையால்தான், நான் அதைத் தொடாமல் இருந்ததும் அந்த முத்திரையால்தான்.

மூன்றாவது தடவை இவளைப் பார்த்ததும் கவுண்டர்க்காரரே கேட்டுவிட்டாராம். "என்னம்மா, மாப்பிள்ள இன்னும் வாயத் தொறக்கலியா?"

"தொறப்பாருங்க சார்."

"இதுக்கும் தொறக்கலீன்னா?"

"அப்பறம் உங்களுக்குச் செரமம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பஸ்ஸில் ராசிபுரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாளாம். அன்றைக்குத்தான் கொஞ்சம் அழுதாளாம். அதுவும் பக்கத்தில் நின்ற ஒரு பெண் நெய்த்தூக்கைக் காலில் இடித்துவிட்டதால் என்று இப்போதும் சாதிக்கிறாள்.

அந்த மூன்றாவது கடிதம் எனக்கு மார்கழி மாசம் வந்தது. அதைப் பிரித்தது கம்ப்ரசர் வண்டி நிழலில் உட்கார்ந்து. ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. "தை பிறந்தால் பதில் சொல்லவேண்டும் என்று எங்கப்பா சொல்லிவிட்டார். நீங்கள் பேசாமல் இருந்தால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கோபம் இல்லை. உப்புச்சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

இந்த இடத்தில்தான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டாம்புக்குக் காசு இல்லை என்றுதான் நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தை மாசக் கடைசியில் சமையல்காரர் ஊருக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்து அனுப்பலாம் என்று இருந்தேன். ஆனால் மேனேஜர் அண்ணனிடம் கேட்டிருந்தால் ஒரு ஸ்டாம்ப் வாங்கிக் கொடுத்திருக்க மாட்டாரா? பீடி வாங்கித் தருகிறவர் ஸ்டாம்ப் வாங்கித் தரமாட்டாரா? நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் எழுதவேண்டி வரும். சம்மதம் என்று எழுதினால் எங்க அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது. இல்லை என்று எழுத மனசு வரவில்லை, அவள் அந்த வேலையைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் எப்படி ஆகும் என்று நிச்சயத்துக்கு முன்னாலேயே பார்த்திருந்தேன். அதனால் இரண்டும் எழுதாமல் இருந்தேன். பேசாமல் இருக்கிறவன் யாருக்கும் கெட்டவன் ஆவதில்லை என்று ஒரு நினைப்பு. மூன்று வெள்ளைக் காகிதமும் மூன்று கவரும் என் பையில் அப்படியே இருந்தன.

மூன்றாவது கூப்பனையும் ஃபைலில் சேர்த்த மறுநாள், கிணறு போடவேண்டிய அடுத்த பாயின்ட்டுக்கு வண்டியை மாற்றினோம். வழியில் ஒரு செக்போஸ்ட். அங்கே இருந்த அதிகாரி வயசானவர், வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு போட்ட கண்ணாடி. மற்றவர்கள் மாதிரிப் புரட்டிவிட்டு விடவில்லை. ஒவ்வொரு காகிதமாக எடுத்து மேசைமேல் அடுக்கினார். மேலே இருந்த மூன்று நீலக் காகிதத்தையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு, இதை ஏன் என்னிடம் காட்டுகிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"கவர்மென்ட் பேப்பர் சார். டாக்ஸ் சார்" என்றார் மேனேஜர் அண்ணன், விறைப்பாக நின்றுகொண்டு.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். உள்ளே இருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களும் சிரித்தார்கள். அப்புறம் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் ஆறேழு மொழியில் எழுதியிருந்ததில் இங்கிலீஷை விரலால் காட்டி மெதுவாகப் படித்தார். மேனேஜர் அண்ணன் என் பக்கம் குனிந்து, "பின்னாடி எவன்டா பாத்தான்" என்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

இது யாருடையது என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். உனக்கு ஊரில் யாரோ மூன்று தடவை பதிலுக்குக் காசு கட்டியிருக்கிறார்கள், யார் அது, மனைவியா என்றார். இன்னும் இல்லை என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். கடைத்தெரு முடிகிற இடத்தில் தபால் ஆபீஸ், முதலில் அங்கே போ, தண்ணீரை அப்புறம் தோண்டலாம் என்று கையை நீட்டிக் காட்டினார். மேனேஜர் அண்ணன் என் தோளைத் தொட்டு, "போயிட்டு வா சாமி. வண்டி நிக்கட்டும். எத்தன நேரம் ஆனாலும் நிக்கட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து வண்டி நிற்கட்டும் என்கிற வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தபால் ஆபீஸ் என்றால் நம் ஊர் ரேஷன் கடை அளவு. கவுண்டருக்குப் பின்னால் தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு அம்மா. மூன்று கூப்பனையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சேலம் முத்திரையை விரலால் தடவிப் பார்த்து ஒரு தலையாட்டல். எத்தனை கடிதம் என்று கேட்டார். ஒன்று என்றேன். ஒரு கூப்பனை மட்டும் எடுத்து, அதன்மேல் தன் ஆபீஸ் முத்திரையைக் குத்தி உள்ளே போட்டுவிட்டு, யானைப் படம் போட்ட ஸ்டாம்ப் இரண்டு கிழித்து என் முன்னால் வைத்தார். மீதி இரண்டையும் என் பக்கம் தள்ளி, இது பழசாகாது, வேறு பதில் சொல்லவேண்டி வரும்போது கொண்டு வா என்றார்.

நூலில் கட்டிய பேனா ஒன்று கவுண்டரில் தொங்கியது. பையில் இருந்த வெள்ளைக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். காகிதம் அவள் கொடுத்தது. கவர் அவள் கொடுத்தது. அட்ரசையும் அவளே எழுதிவிட்டாள். ஸ்டாம்பும் அவள் காசு. என் பங்குக்கு நான் கொண்டுவர வேண்டியது ஒரு வார்த்தை. அதைத்தான் நாலு மாசமாகக் கொண்டுவராமல் இருந்திருக்கிறேன். அந்தக் கவுண்டருக்கு முன்னால் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் மிச்சம் இல்லை. அந்த அம்மா எதையோ எடை போட்டுக்கொண்டிருந்தார், என்னை அவசரப்படுத்தவில்லை. எழுதினேன். "சம்மதம். வேலைக்குப் போ. எங்க அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்." கீழே, கூப்பன் என்றால் என்ன என்று இன்றைக்குத்தான் தெரியும், இன்னும் இரண்டு பத்திரமாக இருக்கிறது என்று ஒரு வரி.

அந்தக் கடிதம் வந்து சேர்ந்தபோது தை பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. உங்க அப்புச்சி சொன்ன கெடு முடிந்துவிட்டது. ஆனால் உங்க அம்மா வாதாடியிருக்கிறாள். "பொங்கலுக்குத் தபாலாபீஸ் லீவுங்கப்பா. லீவு நாளக் கெடுவுல சேத்தக் கூடாது. ஆபீஸ் தொறந்து ஒரு நாளாச்சும் பாக்கோணும்." மாட்டுப் பொங்கல், அதற்கு அடுத்த நாள் என்று ஒவ்வொன்றாகக் கழித்து, அவரிடமிருந்து நாலு நாள் வாங்கிவிட்டாள். லேப்புக்குத் தபால்காரர் வந்த நேரத்தில் அவள் கையில் ரப்பர் கையுறை, முன்னால் தட்டில் ஒரு கோழி. மருத்துவர் கவரை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மணி, யானை வந்திருக்குது, பிரிச்சுப் படிக்கட்டுமா?" என்றாராம். "வேண்டாங்க சார், மேசை மேல வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, கையில் எடுத்த வேலையை முடித்து, கண்ணாடித் துண்டில் நம்பர் எழுதி, சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவி, அப்புறம்தான் பிரித்தாளாம். ஏன் என்று கேட்டால், "இல்லைன்னு இருந்தா அந்த ஈரலக் கெடுத்திருப்பேன். பண்ணக்காரர் வெளிய காத்துட்டு இருந்தாரு" என்பாள்.

அவள் எழுதிய பதில் எனக்கு மாசியில் வந்தது. நன்றி, சந்தோசம் எல்லாம் இல்லை. "'வேலைக்குப் போ' என்று எழுதியிருக்கிறீர்கள். போகட்டுமா என்று நான் கேட்கவில்லை. போவேன் என்றுதான் சொன்னேன். நீங்கள் கூட நிற்பீர்களா என்றுதான் கேட்டேன். 'எங்க அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பதில். அந்த வரிக்காகத்தான் எங்கப்பாவிடம் சரி என்று சொன்னேன்." படித்துவிட்டு எனக்கு வேர்த்தது. எங்க அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று எழுதினேனே தவிர, அதுவரைக்கும் சொல்லவில்லை. அடுத்த தடவை மேனேஜர் அண்ணன் டீசல் வாங்க அந்தத் தபால் ஆபீஸ் ஊர்ப் பக்கம் போனபோது நானும் தொற்றிக்கொண்டு போய், இரண்டாவது கூப்பனை அதே அம்மாவிடம் மாற்றி, உங்க அப்பத்தாவுக்கு எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு டீச்சர் வாசலில் நின்று சத்தமாகப் படித்ததில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஒரு மாசம் அவள் என் பேரை எடுக்கவில்லையாம். ஆனால் பிற்பாடு, பஸ் வந்துவிட்டது என்று உங்க அம்மா ஓடும்போதெல்லாம், மறந்துவிட்ட டிபன் பாக்சைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி, "கண்டக்டரே, நிறுத்துங்க சாமி, எங்க லேப்புக்காரிக்குச் சோறு" என்று கத்தினது யார்? நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

மூன்றாவது கூப்பனை நான் மாற்றவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து, கல்யாணத்தன்றைக்கே உங்க அம்மா கையில் கொடுத்தேன். மிச்சம் இருக்கிறது, உன் காசு என்றேன். அவள் வாங்கி, முத்திரையைப் பார்த்துவிட்டு, நகை டப்பாவில் வைத்தாள். "இருக்கட்டுங்க. நீங்க பேசாம இருந்துக்கற மனுசன். எப்பவாச்சும் தேவைப்படும்."

தேவைப்பட்டது. இத்தனை வருசத்தில் ஏழெட்டுத் தடவையாவது வெளியே வந்திருக்கிறது. வாய்விட்டு ஒன்றும் கேட்கமாட்டாள். யாரோ என்னிடம் ஒன்று கேட்டு, நான் ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தால், ஒரு நாள் தட்டுக்கு அடியிலோ சட்டைப் பையிலோ இந்தக் காகிதம் இருக்கும். பதிலைச் சொன்ன பிறகு அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நேற்று ஒரு வேலையாகச் சேலம் போனவன், இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெரிய தபால் ஆபீசுக்குள் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. பதில் சொல்வதை இன்னும் ஒரு நாள் தள்ளலாம் என்றுதான் இருக்கும். கவுண்டரில் தம்பி வயசுப் பெண். இதைப் பார்த்ததே இல்லை என்றது. உள்ளே போய்க் கேட்டு வந்து, "அங்கிள், இது பழைய மாடலுங்க. இப்ப எங்கயும் மாத்த மாட்டாங்களாம். புதுசுல தேதி போட்டிருக்குமாம். அதுவும் இப்ப இங்க ஸ்டாக் இல்லீங்க" என்றது. அப்புறம் முத்திரையைப் பார்த்துவிட்டு, "ஆனா சீல் சூப்பரா இருக்குங்க அங்கிள். எங்க சீல்தான்" என்றது. பழசாகாது என்று அந்த ஊர் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. தபால் ஆபீசுக்குப் பழசாகிவிட்டது. எங்கள் வீட்டில் இன்னும் செல்லும்.

பாப்பா, இப்போது உனக்கு. நீ கேட்டு இருபத்தி மூன்று நாள் ஆகிறது. ஜெர்மனியில் மூன்று வருசம் வேலை, கல்யாணப் பேச்சு அதற்கப்புறம்தான், உங்களுக்குச் சம்மதமா அப்பா என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். நான் படித்துவிட்டேன் என்று உனக்குத் தெரியும், நீலக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். அன்றையிலிருந்து தினமும் காலையில் உனக்குப் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்பினேன். நீயும் தினமும் கும்பிடு போட்டு அனுப்பினாய். உன் பெரியப்பா ஒரு ஜாதகத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று போயிருக்கிறார். அவரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டாம்புக்குக் காசு இல்லை என்று இந்தத் தடவை சொல்லிக்கொள்ள முடியாது. பயந்துதான் இருந்தேன். நீ அத்தனை தூரம் போவதற்கும், சொந்தக்காரர்கள் பேசுவதற்கும். மூன்று வருசத்தில் எனக்கு என்ன ஆகுமோ என்றும்கூட.

போ என்று நான் எழுதப்போவதில்லை. அதை நீ கேட்கவில்லை என்று உங்க அம்மாவிடம் ஒரு தடவை கற்றுக்கொண்டேன். சம்மதம். நான் கூட நிற்கிறேன். பெரியப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டு இருந்துவிடக் கூடாது என்பதற்காக, இதற்கு முந்தின பாராவை எழுதிவிட்டு எழுந்துபோய் அவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டும் வந்தேன். கொஞ்சம் சத்தம் போட்டார். போடட்டும்.

தம்பி இதையெல்லாம் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான். நான் போன் பேசியதை அடுப்படியில் இருந்து உங்க அம்மா கேட்டிருக்க வேண்டும். இப்போது ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"ஏனுங்க, மாத்தியாச்சுங்களா?"

"மாத்தியாச்சு."

"அப்பக் குடுங்க. டப்பாவுல வெச்சர்றேன்."